மலைக்குத் தோட்டம் சொல்லித்தர வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூணாறு, தேவிகுளம், வட்டவடை, காந்தளூர் பக்கம் வீட்டுத்தோட்டம் சொல்லித்தர ஏறிவரும் தன்னார்வக் குழுக்களுக்கும், அவர்களுக்கு இடமும் ஆளும் ஏற்பாடு செய்துதரும் கேரள வேளாண் துறையின் கிருஷி பவன் அலுவலர்களுக்கும், பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, அடிமாலி வளைவுகளிலோ போடிமெட்டு வளைவுகளிலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறீர்கள். முன்பின் தெரியாத எங்களுக்குக் கீரை விதைக்கச் சொல்லித்தருகிறீர்கள். காசு வாங்குவதில்லை, விதையையும் நீங்களே கொண்டுவருகிறீர்கள். அந்த மனசை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் கொண்டுவரும் பாடம் கீழ்நாட்டுப் பாடம். அதை அப்படியே இங்கே இறக்கிவைத்துவிட்டுப் போவதால் உங்கள் உழைப்பும் வீண், எங்கள் ஞாயிறும் வீண். பாடத்தை மலைக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள். அதைவிட முக்கியமாக, பாடம் நடத்தும் ஆளை எங்கள் லயத்திலிருந்தே, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்தே, எடுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன், எப்படி என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

நான் தேவிகுளம் தாலுகாவில் ஓர் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மாவும் பாட்டியும் கொழுந்து எடுத்தவர்கள். லயத்து வாசலிலும் பின்கட்டிலும் கையகல இடத்தில் எதையாவது நட்டுக்கொண்டே இருப்பது எங்கள் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். கூரைமேல் சௌசௌ கொடி, சுவரோரம் மரத்தக்காளி, குழாயடியில் புதினா, கொஞ்சம் மல்லி, ரெண்டு பாத்தி பீன்ஸ். தேயிலைக்கு நடுவே தானாக முளைக்கும் மணத்தக்காளிக் கீரையை மடியில் கட்டிக்கொண்டு வருவோம். தோட்டம் என்றால் என்னவென்றே தெரியாத கூட்டம் என்று எங்களை நினைத்துப் பாடத்தை ஆரம்பிக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு குழு வந்தது. பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள். ஆடி மாதம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பெரிய எழுத்தில் பேனர் பிடித்திருந்தார்கள். வெண்டை, கத்தரி, பயறு, தண்டுக்கீரை விதைப் பொட்டலம் ஆளுக்கு ஒன்று, கூடவே குரோ பேக் என்ற செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை. வெளியே மூணாற்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆடியில் எங்கள் ஊரில் விதைத்தால் மறுநாள் விதையைத் தேடத்தான் வேண்டும், வாய்க்காலோடு போயிருக்கும். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி இதைச் சத்தமாகவே சொன்னார். குழுவில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்துதான் சிரித்தார்கள். ஆனாலும் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

வெண்டை ஏன் வரவில்லை என்று அப்புறம் போனில் கேட்டார்கள். வராது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மூணாறு டவுனே 1,500 மீட்டருக்கு மேலே, தேவிகுளம் அதற்கும் மேலே. வெண்டை விதை ஒழுங்காக முளைக்க மண் 20 டிகிரிக்காவது சூடாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மூன்று மாதம் வெயிலையே காட்டாத இடத்தில் மண் எங்கே சூடாவது? விதை ஊறும், உப்பும், அழுகும். தப்பித் தவறி முளைத்தாலும் சாண் உயரத்தில் மஞ்சளடித்து நிற்கும். குரோ பேக் கதையும் இதேதான். மொட்டை மாடியில் தண்ணீர் காயாமல் இருக்க ஏற்பட்ட பொருள் அது. எங்களுக்கோ தண்ணீரை வெளியே விடுவதுதான் பிரச்சினை. மழையில் பை நிறைந்து வேர் அழுகியது. மறுவருஷம் பை கிழிந்து பிளாஸ்டிக் சில்லு சில்லாக ஓடையில் கிடந்தது. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழ் லயத்துக்காரர்கள் குடிக்கிறார்கள்.

‘மலை’ என்று ஒரே சொல்லில் எங்கள் ஊர்களை எல்லாம் கட்டிவிடுகிறீர்கள், அதுவும் ஒரு சிக்கல். மூணாற்றிலிருந்து மறையூருக்கு 40 கிலோமீட்டர் இருக்கும். இங்கே குடையோடு பஸ் ஏறி அங்கே வெயிலில் இறங்கலாம். தென்மேற்கு மழையை ஆனைமுடிப் பக்கத்து மலைகள் இந்தப் பக்கமே வாங்கிக்கொள்கின்றன. அந்தப் பக்கம் மறையூர், காந்தளூர், வட்டவடை எல்லாம் மழை மறைவுப் பிரதேசம். அவர்களுக்கு வடகிழக்குப் பருவமழையும் கணக்கில் உண்டு. மறையூர் ஆயிரம் மீட்டர் அளவில் கரும்பு போடுகிறது. காந்தளூர் அதற்கு மேலே கேரட், பூண்டு, பிளம்ஸ், ஆப்பிள் வரை போகிறது. வட்டவடையும் கோவிலூரும் படிப்படியாக வெட்டிய வயலில் கோஸும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் எடுத்து ஓணச் சந்தைக்கு அனுப்புகின்றன. வட்டவடை, காந்தளூர் பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஒரே தாலுகாவுக்குள் இத்தனை உலகம். மாவட்டம் முழுவதற்கும் ஒரே விதைப்புக் காலண்டர் அடித்துக் கொடுத்தால் அது சுவரில் மாட்டத்தான் ஆகும்.

அடுத்து உறைபனி. கீழே இருந்து வருபவர்களுக்கு இது டிசம்பர், ஜனவரியில் ஃபோட்டோ எடுக்கும் விஷயம். செண்டுவாரை, லட்சுமி, சைலன்ட் வேலி எஸ்டேட் பக்கம் வெள்ளை விரித்த புல்லைப் படம் பிடிக்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். 2019 ஜனவரியில் நாள் கணக்கில் விடாமல் விழுந்து, மரம் மாதிரி வேரோடிய தேயிலையே காப்பித்தூள் நிறத்தில் கருகி நின்றது. கையகலப் பாத்தி எம்மாத்திரம்?

உங்கள் வகுப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய பாடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில்தான் பனி உறையும். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் மெதுவாக வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஓடையோரச் சமதளம்தான் முதலில் வெளுக்கும். சரிவின் நடுப்பகுதி பெரும்பாலும் தப்பித்துவிடும். ‘நல்ல சமமான இடம், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கு, இங்கே தக்காளி போடுங்க’ என்று நீங்கள் கை காட்டுகிற இடம் இருக்கிறதே, சரியாக அதுதான் பனிக்குழி. லயத்துக் கிழவிகள் அந்த இடத்தில் பூண்டோ கோஸோ தவிர வேறெதுவும் நட மாட்டார்கள். காரணம் கேட்டால், ‘அங்கே பனி குந்தும்’ என்பார்கள். அவ்வளவுதான் விளக்கம், ஆனால் விஷயம் சரி.

இன்னொன்று. பேப்பரில் 3 டிகிரி என்று போட்டிருக்கும், பாத்தியில் செடி கருகியிருக்கும். எப்படி என்று கேட்பீர்கள். வெப்பமானி ஆள் நெஞ்சு உயரத்தில் நிழல் பெட்டிக்குள் இருக்கிறது. புல் நுனியில் அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும். வகுப்புக்கு வரும்போது இரண்டு சாதாரண வெப்பமானி கொண்டுவந்து, வாசலில் ஒன்றும் பாத்தியில் ஒன்றுமாக ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் அதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

பாத்தியில் சருகு பரப்பி மூடும் மூடாக்கு விஷயமும் இங்கேதான் வருகிறது. இயற்கை விவசாயம் பேசும் நம் ஆட்களுக்கு மூடாக்கு கிட்டத்தட்ட மதம். நானும் அதை நம்புகிறவள்தான், மார்ச், ஏப்ரல் காய்ச்சலில் அது பாத்தியைக் காப்பாற்றும். ஆனால் டிசம்பரில் பனி விழும் இடத்தில், பகலில் வெயில் வாங்கிய மண் இரவில் விடும் சூட்டைச் சருகு தடுத்துவிடும். மண் உள்ளே கதகதப்பாக இருக்க, மேலே செடி உறையும். பனி மாதத்தில் சருகை ஒதுக்கிவிட்டு, மண்ணைச் சாயங்காலமே நனைத்து வைத்து, செடிமேல் சாக்கோ பெரணித் தழையோ போட்டு மூடினால்தான் காரியம். விடியற்காலையில் வெயில் படும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். இளம் தேயிலைக் கன்றுகளுக்கு இப்படித் தழை போர்த்துவது எஸ்டேட்டில் பழைய வழக்கம். மழை மாதத்திலும் மூடாக்கு அளவோடுதான், அடியில் நத்தைக் குடும்பம் குடியேறி ஒரே ராத்திரியில் நாற்று முழுவதையும் தீர்த்துவிடும். மூடாக்கு நல்லதா கெட்டதா என்பதற்கு இங்கே மாதம் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மண்ணைப் பற்றி. தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், கார அமில அளவு (pH) 4.5-லிருந்து 5.5 வரை அதற்குச் சுகம். அதே மண்ணில் கோஸ் போட்டால் இலை பகலில் வாடும், மாலையில் நிமிரும். பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சிக் கிழங்கைப் போல வீங்கியிருக்கும். கிளப் ரூட் என்று ஆபீசர்கள் சொல்லும் நோய். புளித்த, ஈரமான மண் அதற்குக் கொண்டாட்டம். ஒருமுறை வந்தால் வித்துக்கள் வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். சுண்ணாம்பு அல்லது டோலமைட் போட்டு மண்ணை 6-க்கு மேலே கொண்டுவர வேண்டும், அதுவும் நடவுக்குச் சில வாரம் முன்னாடியே. எவ்வளவு என்பதை மண்ணைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். உருளைக்கிழங்கு போடப்போகும் பாத்தியில் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் கிழங்குத் தோலில் சொறி விழும். இந்தக் கணக்கு எங்கள் பாட்டிகளுக்குத் தெரியாது. பஞ்சகவ்யம் எப்படிக் கலக்குவது என்று இரண்டு மணி நேரம் நடத்துகிறீர்கள். எங்களுக்குத் தேவைப்படுவது இந்த மண் பாடம்.

மத்திய அரசு 2015-ல் மண்வள அட்டை கொண்டுவந்தது. நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு அது நல்ல விஷயம். லயத்து வாசல் கம்பெனி நிலம், எங்கள் பெயரில் ஒரு சென்ட் கிடையாது. அதனால் எங்கள் பாத்தி மண்ணுக்கு அட்டை கேட்டு யாரும் போவதில்லை. ஒரு லயத்துக்கு ஒரு மண் மாதிரி எடுத்து, அதைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைத் தமிழில் எழுதி வருகைப் பதிவு எடுக்கும் மஸ்டர் ஆபீஸ் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். பத்து வகுப்புக்குச் சமம் அது.

நிலம் எங்களுடையது இல்லை என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேலை இருக்கும் வரைதான் வீடு. ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லாவிட்டால், காலி செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர்களிடம் ஐந்து வருஷத்தில் காய்க்கும் ஒட்டு மரக்கன்றைக் கொடுத்து, ‘உங்க பேரன் சாப்பிடுவான்’ என்று சொல்வது வேடிக்கை. மூன்று மாதத்தில் சட்டிக்கு வரும் பயிரைச் சொல்லுங்கள். பட்டாணி, பீன்ஸ், முள்ளங்கி, நூல்கோல், பீட்ரூட், வெந்தயக்கீரை, மல்லி. மரம்தான் வைத்தாக வேண்டும் என்றால் மரத்தக்காளி வையுங்கள், இரண்டு வருஷத்துக்குள் காய் பார்க்கலாம்.

தயவுசெய்து வாழைக்கன்று கொண்டுவராதீர்கள். எங்கள் பக்கம் படையப்பா என்ற கொம்பன் யானையை உங்களுக்கே தெரியும், யூடியூபில் அவருக்கு ரசிகர் மன்றம் இல்லாத குறைதான். அவருக்கும் அவர் சொந்தக்காரர்களுக்கும் லயத்துச் சுவரை ஒட்டி வாழைப் பந்தி விரிப்பது உயிரோடு விளையாடும் வேலை. காட்டெருமைக்கு பீன்ஸ் பிடிக்கும், பன்றிக்குக் கிழங்கு பிடிக்கும், முள்ளம்பன்றிக்கு எல்லாமே பிடிக்கும். பூண்டு, மல்லி, புதினா மாதிரி வாசனைப் பயிரை வெளிவரிசையில் வைத்தால் சேதம் கொஞ்சம் குறைகிறது என்று வட்டவடைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யானைக்கு அதெல்லாம் கணக்கில்லை.

விதைக் கிழங்கு பற்றியும் ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து நல்ல ஊட்டிக் கிழங்கு என்று மூட்டையோடு கொண்டுவந்து விதைக்கக் கொடுத்தவர்கள் உண்டு. நீலகிரியில் 1961-லேயே உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கடுகைவிடச் சிறிய கூடு, ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை. கிழங்கு இல்லாமலே மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மூட்டையில் ஒட்டிய மண், உங்கள் ஷூவில் ஒட்டிய மண், கடன் வாங்கிய மண்வெட்டி, இவைதான் அதற்கு பஸ். சமையலுக்கு விற்கும் கிழங்கை விதைக்குக் கொடுக்கவே கூடாது. சான்று பெற்ற விதைக் கிழங்கு கிடைக்காவிட்டால் அந்த வருஷம் கிழங்கு வேண்டாம், பட்டாணி போதும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும்போது ஷூவைக் கழுவுங்கள். நாங்கள் உங்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் தருவது மரியாதைக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சரிவைத் தோண்டுவது குறித்தும் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். அதற்கும் வீட்டுத்தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு மழை மாதத்தில் லயத்துக்கு மேலே யாராவது மண்வெட்டியைத் தூக்கினால் எங்கள் வயிறு கலங்குகிறது. புதிதாகப் பாத்தி வெட்டுவது, படி கட்டுவது எல்லாம் மழைக்கு முன்னாடியோ மழை ஓய்ந்த பிறகோதான். பாத்தி சரிவுக்குக் குறுக்காகத்தான் போக வேண்டும், தண்ணீர் இறங்க ஓரத்தில் வழி விட வேண்டும். கார்ப்பரேட் கம்பெனி ஆட்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரே நாளில் ‘மாதிரித் தோட்டம்’ வெட்டும் திருவிழா எங்களுக்கு வேண்டாம்.

யூடியூப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது உங்களில் பாதிப் பேர் மலைத்தோட்டம் என்று தேடி வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிறீர்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரம் கிட்டத்தட்ட மூணாறு டவுன் உயரத்தில்தான், 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கே மலை மேல் ஊர்களில் பனி விழாத நாட்கள் மிகக் குறைவு, அதனால் எத்தனை நாளில் அறுவடைக்கு வரும் என்று பார்த்துத்தான் விதை வாங்குகிறார்கள். அந்தப் பழக்கம் நமக்கும் நல்லது. ஆனால் அவர்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு 40 டிகிரி வடக்கே, நாம் 10 டிகிரியில். அவர்களுக்குக் கோடையில் 15 மணி நேரப் பகல். நமக்கு வருஷத்தின் நீளமான நாளே 12 மணி 40 நிமிஷம்தான். அவர்கள் ஊர் வெங்காய விதையை ஆன்லைனில் வாங்கி நட்ட ஒரு பெண் எங்கள் பக்கத்து டிவிஷனில் இருக்கிறார். தாள் தாளாக வளர்ந்தது, அடியில் கிழங்கு கூடவே இல்லை. அந்த ரகத்துக்கு 14 மணி நேரப் பகலாவது வேண்டும். உயரம் ஒன்றாக இருந்தால் போதாது, சூரியனும் ஒத்துவர வேண்டும்.

ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாய ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பிரிவுக்கு வீட்டுத்தோட்டக்காரர்களின் கேள்விகள் வந்து குவிந்தன. பதில் சொல்ல அலுவலர்கள் போதவில்லை. அந்தந்த ஊரில் தோட்டத்தில் ஆர்வம் உள்ளவர்களைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, பதிலுக்கு இத்தனை மணி நேரம் ஊராருக்குச் சேவை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். மாஸ்டர் கார்டனர் என்று பெயர். அது நாடு முழுவதும் பரவி, கொலராடோ மலைப்பகுதி வரை போனது. அங்கே மலைக்கென்று தனிக் குறிப்புகளே எழுதி வைத்திருக்கிறார்கள். பேராசிரியரே பாத்திக்குப் பாத்தி வர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வருவார், தெரியாததை அவர் பேராசிரியரிடம் கேட்டுச் சொல்வார்.

இதற்கு வேண்டிய எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆதங்கம். 1987-லிருந்து பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து கிருஷி பவன் இருக்கிறது. 1998-லிருந்து பெண்களின் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ இருக்கிறது. லயத்துக்கு லயம் அதன் அயல்கூட்டம் என்ற குழு உண்டு, வாராவாரம் கூடுகிறோம். கேரள விவசாயப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சாந்தன்பாறையில் இடுக்கி மாவட்டத்துக்கான கிருஷி விக்யான் கேந்திரம் என்ற வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 2015-ல் கொழுந்து எடுக்கும் பெண்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்று மூணாறு ரோட்டில் உட்கார்ந்து போனஸை வாங்கிய ஊர் இது. ஆயிரக்கணக்கில் பெண்களைத் திரட்டியவர்களுக்கு லயத்துக்கு ஓர் ஆள் எடுத்துத் தோட்டப் பாடம் நடத்தத் தெரியாதா?

யாரை எடுப்பது? சுறுசுறுப்பாகக் கை தூக்கும் பிளஸ் டூ பிள்ளையைத்தான் எல்லாக் குழுவும் எடுக்கிறது. அவள் அடுத்த ஜூனில் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விடுவாள். ஓய்வு பெற்று, மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கும் ஐம்பத்தெட்டு, அறுபது வயது அக்காக்களை எடுங்கள். பகலில் லயத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். எந்த மூலையில் பனி குந்தும், எந்த வாய்க்கால் எந்த மாதம் வற்றும் என்று அவர்களுக்குத் தெரியும். எழுதப் படிக்க வராதவருக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைத் துணைக்கு வையுங்கள். போன் பிடிக்க, படம் எடுத்து அனுப்ப அது போதும். அப்புறம் அவர்களை வட்டவடைக்கு ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள், எங்களிடமிருந்து சுமார் 45 கிலோமீட்டர்தான். சரிவில் படி கட்டுவது, மலைப்பூண்டை விதைக்கு எடுத்து வைப்பது, பாத்தியை மாற்றி மாற்றிப் போடுவது எல்லாம் அங்கே உள்ளவர்கள் தமிழிலேயே சொல்வார்கள். கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரம் வைத்து ஊற்று வற்றிய கதையையும் சேர்த்தே சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொண்டு வரட்டும். முதுவர் பழங்குடி ஊர்களான முதுவக்குடிகளில் கேப்பை விதையைப் பல வருஷமாகக் கைவிடாமல் வைத்திருக்கிறவர்களிடமும் போகலாம். ஆனால் அங்கே அனுமதி வாங்கி, அவர்கள் சொல்லும் நேரத்தில்தான்.

அலுவலர்களுக்குத் தனியாக ஒன்று. துண்டறிக்கைகள் மலையாளத்தில் வருகின்றன. எங்கள் பிள்ளைகள் படித்துவிடுவார்கள், அம்மாக்களில் பலருக்கு முடியாது. நாங்கள் மலையாளத்துக்கு எதிரிகள் இல்லை, அந்தப் பேச்சே வேண்டாம். 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், அதே மொழியில் பதில் பெறலாம் என்று இருக்கிறது. மனுவுக்கே தமிழில் பதில் உண்டென்றால் கோஸ் நோய்க்கும் இருக்கட்டும். அச்சடித்த புத்தகம் கூட வேண்டாம். வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிஷக் குரல் பதிவு, மாதத்துக்கு ஒன்று, எந்த உயரத்துக்கு என்று சொல்லிவிட்டுப் பேசினால் போதும். ‘1,500-க்குக் கீழே இருக்கிறவங்க இந்த மாசம் பீன்ஸ் போடலாம், மேலே இருக்கிறவங்க பொறுங்க’ என்கிற மாதிரி.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். திங்கள் முதல் சனி வரை காட்டில் கொழுந்து. ஞாயிறு காலையில் துணி, சந்தை, கோயில், சர்ச். பத்து மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வையுங்கள், அடுப்படியை முடித்துவிட்டு எல்லாரும் வருவோம். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் வகுப்பே வேண்டாம், இடுப்பு நிமிராது.

கடைசியாக, எப்போது வருவது. குறிஞ்சி பூத்த 2018-ல் எங்கள் மலையில் சேவை செய்ய வராத ஆள் இல்லை. இனி 2030 வரை அந்தக் கூட்டத்தை எதிர்பார்க்க முடியாது, பரவாயில்லை. ஒரே குழு ஒரே லயத்துக்கு வருஷத்தில் நான்கு முறை வந்தால் போதும். மழைக்கு முன் ஏப்ரலில் மண் மாதிரிக்கும் பாத்திக்கும் ஒருமுறை, மழை ஓய்ந்து செப்டம்பரில் விதைப்புக்கு ஒருமுறை, பனி விழும் டிசம்பரில் ஒருமுறை. அதற்கு நடுவே ஆடியில் ஒருமுறை விதையில்லாமல் வாருங்கள். எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, எது வடிகிறது என்று நடந்து பார்க்க மட்டும். கேள்வி கேட்டால் எடுக்கிற ஒரு போன் நம்பரையும் அந்த அக்காக்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வந்தால் மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. ஆடியில் வருகிறவர்கள் முழங்கால் வரை சாக்ஸ் போட்டு, அட்டைக்கு உப்பும் புகையிலையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தேவிகுளம் தாலுகாவிலிருந்து
ஒரு லயத்துக்காரி